ஓராண்டுக்கு மட்டும் ஜெர்மனிக்குப் போகும் தம்பதியருக்கு

என் கணவர் 2023 செப்டம்பரிலும், நான் அதே ஆண்டு நவம்பரிலும் ஜெர்மனிக்குப் போனோம். 2024 செப்டம்பர் நடுவில் இருவரும் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டோம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறநகர் ரயிலில் அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிறு நகரத்தில் வசித்தோம். புறப்படுவதற்கு முன் நாங்கள் படிக்காத குறிப்பில்லை, விசாரிக்காத ஆளில்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் அங்கே ஐந்தாண்டு, பத்தாண்டு தங்கி, வீடு வாங்கி, குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் சொன்னவை. முதல் ஆண்டில் அவர்கள் செய்த செலவு பின்வந்த ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஓராண்டில் திரும்புகிறவருக்கோ அது முழுவதும் அந்த ஓராண்டின் கணக்கிலேயே விழுகிறது. அதற்கு மேல், வெளியேறும் செலவும் சேர்கிறது. வாடகை ஒப்பந்தம் முதல் ஓய்வூதியப் பிடித்தம் வரை அந்நாட்டின் ஏற்பாடுகள் அனைத்தும் நீண்ட காலம் தங்குகிறவரை மனத்தில் வைத்தே அமைந்துள்ளன. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாயும், எங்கள் இருவருக்கும் இடையே உண்டான கசப்பில் பாதியும் மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சம்பளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 58,000 யூரோ என்று கணவரின் வேலைக்கான கடிதத்தில் இருந்தது. அன்றைய மதிப்பில் ஒரு யூரோ சுமார் 90 ரூபாய் என்பதால், ஐம்பது லட்சத்தைத் தாண்டிய அந்தத் தொகையை உறவினர்கள் எங்கள் வீட்டு விசேஷங்களில் எங்களுக்கு முன்பாகவே அறிவிக்கத் தொடங்கிவிட்டார்கள். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவை கழிந்து அவர் கைக்கு வந்தது மாதம் மூவாயிரம் யூரோவை ஒட்டிய தொகைதான். மனைவி இந்தியாவில் இருக்கும்வரை கணவருக்கு முதல் வரி வகுப்பு. அதாவது, தனி ஆளுக்குரிய வரி. நான் போய் முகவரியைப் பதிவு செய்த பிறகு நான்காம் வகுப்புக்குத் தானாகவே மாறும், ஆனால் அதனால் கையில் வரும் தொகை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் பொருந்துவது மூன்றாம் வகுப்பு. அதற்குத் தனியாக விண்ணப்பித்தாக வேண்டும். விண்ணப்பித்த பிறகு மாதம் சுமார் நானூறு யூரோ கூடுதலாக வந்தது. அவர் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் யாரும் இதைத் தாமாக முன்வந்து சொல்லவில்லை. ஒரு மராத்தி சக ஊழியர் மதிய உணவின்போது பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. ஒருவர் மூன்றாம் வகுப்பிலும் மற்றவர் ஐந்தாம் வகுப்பிலுமாக இருவரும் சம்பளம் வாங்கினால், ஆண்டு முடிந்ததும் வரிக் கணக்கைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை ஒப்பந்தம் யாருடன் என்பது சம்பளத்தின் அளவுக்கு முக்கியமானது. இந்திய நிறுவனம் தன் ஊழியராகவே உங்களை அனுப்பினால், இங்குள்ள வருங்கால வைப்பு நிதி அமைப்பிடமிருந்து ஒரு சான்றிதழ் பெற்றுக்கொண்டு, ஜெர்மன் ஓய்வூதியப் பிடித்தத்திலிருந்து விலக்குப் பெறலாம். இரு நாடுகளுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. என் கணவரோ ஜெர்மன் நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. அவர் சம்பளத்தில் 9.3 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போனது. ஓராண்டில் ஐயாயிரம் யூரோவுக்கு மேல். ஐந்தாண்டுக்குக் குறைவாகப் பங்களித்துவிட்டு நாடு திரும்புகிற இந்தியர், பங்களிப்பு நின்று 24 மாதங்கள் கழிந்த பிறகு ஊழியரின் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் செலுத்திய பங்கு கிடைக்காது. போகுமுன் மனிதவளத் துறையிடம் ஒரேயொரு கேள்வியைத்தான் கேட்கலாம் என்றால், இந்த ஒப்பந்த வகையைப் பற்றியே கேட்கச் சொல்வேன்.

வீடு கிடைப்பது கடினம் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். கிடைத்த வீடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பொருள்கள் இல்லாத வீடு என்றால் அங்கே சமையலறையே இல்லாத வீடு என்றும் பொருளாகலாம். கூரையில் மின்கம்பிகள் மட்டும் தொங்கும், விளக்குகள் இருக்காது. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரிகள் எல்லாம் முன்பு குடியிருந்தவருடைய சொத்து. அவர் அவற்றை 1,800 யூரோவுக்கு எங்கள் தலையில் கட்டினார். வாங்காவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார், புதிதாக அமைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கொடுத்தோம். மாத வாடகை 850 யூரோ, வெப்பமூட்டலுக்கும் தண்ணீருக்கும் பொதுச் செலவுகளுக்குமாக மாதாமாதம் முன்பணம் 230 யூரோ. காப்புத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகை, அதாவது 2,550 யூரோ. சட்டப்படி அதற்கு மேல் கேட்கக் கூடாது, மேலும் அதை மூன்று மாதத் தவணைகளில் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கையிருப்பு கரைகிற அந்தச் சமயத்தில் இந்த உரிமை பெரிய உதவி. எங்களுக்குத் தெரியவந்தபோது முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது. கட்டில், மேசை, துணி துவைக்கும் இயந்திரம் என்று இன்னும் இரண்டாயிரம் போனது. ஓராண்டுக்குப் போகிறவர்கள், மாதம் முந்நூறு யூரோ கூடுதலாக இருந்தாலும், பொருள்களுடன் கூடிய வீட்டையே எடுங்கள். பன்னிரண்டு மாதக் கூடுதல் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் 3,600 வருகிறதே, நாங்கள் வாங்கியதைவிடப் பெரிதாகக் குறைவில்லையே என்று தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் ஒப்பந்தமே காலவரையறையுடன் முடிந்துவிடும் என்பதால் வெளியேறும் செலவு இருக்காது. அந்தச் செலவு எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பணம் அனுப்பச் சொல்லி, தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதுகிறவர் எவரானாலும் மோசடிக்காரர்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் தேவை. வாடகை ஒப்பந்தத்தின் நகல் போதாது. பதிவு முடிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அந்நாட்டில் உருப்படியான எதுவும் தபாலில்தான் வருகிறது. தமிழர்கள் பலருக்கும் வரக்கூடிய ஒரு சிக்கல் இங்கே எங்களைப் பிடித்துக்கொண்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது, கணவருடையதில் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது. தபால்பெட்டியில் என் மாமனார் பெயரை மட்டும் ஒட்டியிருந்தோம். அந்த வீட்டில் என் அப்பாவின் பெயரில் யாரும் இல்லை என்று முடிவு செய்து, தபால்காரர் என் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் வரி எண் கடிதத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். இது புரிவதற்குள் ஏழெட்டு வாரம் ஓடிவிட்டது. முதல் நாளே இரண்டு பெயர்களையும் தபால்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிடுங்கள். ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வந்த கடிதம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும், வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். கடிதம் தாமதமாகவே வரும், ஆனால் குடியேறிய மாதத்திலிருந்து சேர்த்துக் கேட்பார்கள்.

இனி, பணத்தைவிடக் கடினமாக இருந்த பகுதி. நான் கோவையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குக் கிடைத்தது ப்ளூ கார்டு, அதாவது உயர்தகுதி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி. அதைப் பெற்றவரின் மனைவிக்கு விசாவுக்காக ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை, போன பிறகு எந்த வேலையும் பார்க்கலாம். இதைக் கேட்டு, போனதும் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும் என்று நானும் நம்பினேன். அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டுமானால் பொதுவாக இரண்டு பாடங்களில் தகுதியும் உயர்நிலை ஜெர்மனும் வேண்டும். எனக்கு வணக்கம் சொல்ல மட்டுமே தெரியும். சட்டம் தடுக்காத வேலையை மொழி தடுத்துவிட்டது. கோவையிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே மையம் இருக்கிறது. விசாவுக்குத் தேவையில்லை என்றாலும், போகும் முன் முதல் நிலையை முடித்துவிட்டுப் போங்கள். நான் அங்கே போய், ஜனவரியில் மக்கள் உயர்பள்ளி என்கிற நகராட்சிக் கல்வி நிலையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து அதே முதல் நிலையைப் படித்தேன். அது முடிந்து கடைக்காரரிடம் இரண்டு வாக்கியம் பேசத் துணிந்தபோது வசந்தகாலம் வந்துவிட்டது.

டிசம்பரில் அங்கே எட்டு மணிக்குப் பிறகுதான் விடியும், நான்கரை மணிக்கு இருட்டிவிடும். கணவர் இருட்டில் புறப்பட்டுப் போய் இருட்டில் திரும்புவார். கடிகாரத்தை மாற்றும் குளிர்காலத்தில் இந்தியாவுடனான நேர வித்தியாசம் நாலரை மணி நேரம் ஆகிவிடும். நான் பேசுவதற்கு ஆள் தேடுகிற இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். கணவர் தாமதமாக வந்தால் கோபம், சீக்கிரம் வந்து மடிக்கணினியைத் திறந்தால் அதைவிடக் கோபம். அவருக்கும் அலுவலகத்தில் நாள் முழுவதும் அரைகுறை மொழியில் தடுமாறிவிட்டு வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருந்திருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் சம்பாதித்த காலத்தில் கணக்குப் பார்க்காமல் வாங்கிய வெண்டைக்காயை, கிலோ ஏழு யூரோ என்றால் அறுநூற்று முப்பது ரூபாய் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வந்த நாள்களில் நான் யாரென்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இதெல்லாம் வெடித்தது. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள பகுதியில் கேர்வோஹெ என்றொரு வழக்கம் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும்; யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள். எங்கள் முறை வந்த அன்று துடைப்பத்துடன் வெளியே வந்தேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அங்குள்ள கதவுகள் வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. சாவியும் கைப்பேசியும் உள்ளே, அடுப்பில் பருப்பு. கணவர் ஸ்டுட்கார்ட்டுக்கு மளிகை வாங்கப் போயிருந்தார். கீழ்வீட்டுப் பாட்டிதான் பூட்டுத் திறப்பவரை அழைத்தார். வந்தவர் இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டு, வார இறுதிக் கட்டணம், பயணக் கட்டணம் எல்லாம் சேர்த்து 420 யூரோ கேட்டார். கணவர் வந்ததும் கருகிய பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு வாங்கினான்?” என்றுதான் முதலில் கேட்டார். பயந்துவிட்டாயா என்று கேட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். அன்றிரவு ஊருக்குப் போகிறேன் என்று டிக்கெட் விலை பார்க்கும் அளவுக்குச் சண்டை போனது. பிறகு இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து பேசி, மாதம் இருநூறு யூரோ என் பெயரிலான கணக்குக்குத் தனியாக வர வேண்டும், அதைப் பற்றி அவர் கேட்கக் கூடாது, வீட்டுச் செலவை ரூபாயில் பெருக்குவதை இருவரும் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தோம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டுக் கணவருடன் போகும் பெண்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் மாதந்தோறும் ஒரு தொகை. சாவி விஷயத்தில் எங்கள் ஏற்பாடு எளிமையானது. மாற்றுச்சாவியைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவைத்தோம். பூட்டுத் திறப்பவரை அழைக்க நேர்ந்தால், அவர் புறப்படும் முன்பே மொத்தத் தொகையைத் தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள்.

பாட்டியிடமிருந்து இன்னொன்றும் கற்றேன். நம் சமையலின் ஆவியும், குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் காயவைக்கும் துணிகளும் சேர்ந்து, படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எவ்வளவு குளிரானாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூட வேண்டும், ஜன்னலை நாள் முழுவதும் சாய்த்துத் திறந்து வைப்பதால் சுவர் குளிர்ந்து மேலும் கெடும் என்று அவர்தான் செய்து காட்டினார். பூஞ்சணத்துக்கு வாடகைதாரரைப் பொறுப்பாக்கிக் காப்புத்தொகையில் கழிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், முதல் குளிர்காலத்திலேயே இதைப் பழகிக்கொள்வது நல்லது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, வருமானமில்லாத மனைவிக்குக் கணவரின் அரசுக் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் இடம் உண்டு. ஆனால் காப்பீடு இருப்பதும் மருத்துவர் கிடைப்பதும் வேறு. பல குடும்ப மருத்துவர்கள் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. உடல்நலம் நன்றாக இருக்கும்போதே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். இரவிலோ விடுமுறையிலோ உடம்புக்கு முடியாமல் போனால் 116117 என்ற எண்ணை அழைக்கலாம். சிறப்பு மருத்துவரிடம் நேரம் பெற்றுத் தரவும் அதே எண் உதவும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பல் வேலைகளை இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். ஒரு பல்லுக்கு உறை போட, காப்பீடு தந்தது போக நாங்கள் கட்டியது 450 யூரோ.

மார்ச்சுக்குப் பிறகு நிலைமை மாறியது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஈழத்தமிழ்க் கடை இருந்தது. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் ஜெர்மனி முழுவதும் கடைகளும் கோயில்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் நடத்துகிறார்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் எங்களைப் போன்றவர்கள் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்குகிறோம். கடைக்கார அக்கா ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ளயே இருந்தால் விசர் பிடிக்கும் தங்கச்சி, இங்க வந்து நில்லுங்கோ” என்றார். அந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ, மாதம் 538 யூரோ வரை சம்பாதிக்கும் சிறுவேலைக்குக் கணவரின் காப்பீட்டிலிருந்து நான் விலக வேண்டியதில்லை. உணவுப் பொருளைக் கையாளும் வேலை என்பதால், சுகாதார அலுவலகம் நடத்தும் சுகாதார அறிவுறுத்தலைக் கேட்டுச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னார். கல்லாவில் நின்று ஜெர்மன் பாட்டிகளுக்கு மாம்பழம் பொறுக்கிக் கொடுத்த அந்த மாதங்களில் வகுப்பறையில் கற்றதைவிட வேகமாக மொழி வந்தது. கோடையில் அக்கா குடும்பத்துடன் காரில் நானூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போனோம். 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதியில் கோபுரம் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, ஜெர்மானியக் காவலர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கணவர் வேட்டியில் தேர் இழுத்ததை நான் கோவையில்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் கோடை எங்களுக்கு நன்றாகவே அமைந்தது. மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் போக ஒரு பயணச்சீட்டு இருந்தது (2025 ஜனவரியில் அதன் விலை 58 ஆனது, அதன் பிறகும் ஏறியிருக்கிறது). அதை வைத்துக்கொண்டு கருங்காட்டுக்கும் போடன் ஏரிக்கும் டூபிங்கனுக்கும் சுற்றினோம். இதுவும் சந்தாதான், மாதத்தின் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும் ஊரில், தயிர்சாதப் பொட்டலத்துடன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசிய பேச்சு திருமணமான புதிதில்கூட நாங்கள் பேசாதது.

ஜூலை முதல் வாரத்தின் கடைசியில், திட்டம் செப்டம்பருடன் முடிகிறது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று கணவரின் நிறுவனம் தெரிவித்தது. வீட்டைக் காலி செய்ய வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் கையெழுத்திட்ட கடிதம் வீட்டுக்காரர் கைக்குச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும், மின்னஞ்சல் செல்லாது. எங்கள் கடிதம் சேர்ந்தபோது அந்த நாள் கடந்திருந்ததால், ஜூலை கணக்கில் வராமல் அக்டோபர் இறுதிவரை வாடகை கட்ட வேண்டியதாயிற்று. செப்டம்பர் நடுவிலிருந்து ஆறு வாரம், பூட்டிய வீட்டுக்கு 1,600 யூரோ. வேறு மூன்று வாடகைதாரர்களைக் காட்டினால் வீட்டுக்காரர் ஏற்றே ஆக வேண்டும் என்று இந்தியர்கள் மட்டுமல்ல, ஜெர்மானியர்களும் நம்புகிறார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் ஒருவரையும் ஏற்கவில்லை. சில ஒப்பந்தங்களில் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ காலி செய்யவே முடியாது என்ற விதியும் இருக்கும். கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பதை அது முடிவதற்கு நான்கு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

1,800 யூரோ கொடுத்த சமையலறையை 600க்கு விற்றோம். மற்ற பொருள்களில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. இணைய இணைப்பு 24 மாத ஒப்பந்தமாக இருந்தாலும், அவர்கள் சேவை இல்லாத இடத்துக்குக் குடிபெயர்ந்தால் ஒரு மாத முன்னறிவிப்புடன் விலகச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு நகராட்சி தரும் முகவரி நீக்கச் சான்றைக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடம் விடவில்லை. அங்கே ஓராண்டு ஒப்பந்தத்தில் மீதமிருந்த மாதங்களுக்கும் கட்டணம் போனது. வீட்டை ஒப்படைக்கும்போது, எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிக்க 700 யூரோ கழிப்பேன் என்றார் வீட்டுக்காரர். நாங்கள் குடியேறியபோதே சுவர்கள் பழையதாக இருந்தன. அன்று எடுத்த படங்கள் கையில் இருந்தன. வாடகைதாரர் சங்கத்தில் ஆண்டுக்கு நூறு யூரோவுக்கும் குறைவான சந்தாவில் சேர்ந்திருந்தோம். வெள்ளையடிக்காமல் தரப்பட்ட வீட்டுக்கு, ஈடாக எதுவும் தராத நிலையில், வாடகைதாரர் வெள்ளையடித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இலேயே தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிச் சங்கத்து வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினார். வீட்டுக்காரர் அதன் பிறகு வெள்ளையடிப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் செய்த செலவுகளிலேயே பயனுள்ளது அந்தச் சந்தாதான்.

நாட்டைவிட்டுப் போகும்போது நகராட்சியில் முகவரியை நீக்கியாக வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்துதான் அதைச் செய்ய முடியும். அந்தச் சான்றின் நகல்கள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்துவது உட்பட எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். நான் நவம்பரில்தான் போய்ச் சேர்ந்தேன் என்றாலும், 2023 முழு ஆண்டுக்கும் தம்பதியராகச் சேர்ந்தே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முடிந்தது. அந்த ஆண்டில் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் காட்ட வேண்டும். அதற்கு அங்கே நேரடியாக வரி இல்லை, ஆனால் வரி விகிதத்தை உயர்த்தும். அப்படியும் 1,500 யூரோவுக்குச் சற்று அதிகமாகத் திரும்ப வந்தது. இந்தியாவில் வேறு கணக்கு. 2023–24 நிதியாண்டில் கணவர் 182 நாளுக்குக் குறைவாகவே இங்கிருந்ததால் அவர் வெளிநாட்டில் வசிப்பவர், நான் உள்நாட்டில் வசிப்பவள். 2024–25இல் செப்டம்பர் நடுவிலேயே திரும்பிவிட்டதால் அவரும் உள்நாட்டவராகி, ஏப்ரல் முதல் அங்கே வாங்கிய சம்பளத்தை இங்கே காட்ட வேண்டி வந்தது. அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு. அதற்கு அப்போது படிவம் 67 தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. இதற்காக அங்குள்ள சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

என் வேலையில் ஏற்பட்ட இழப்பு யூரோவில் வராது. கல்வியாண்டின் நடுவில் போய், அடுத்த கல்வியாண்டின் நடுவில் திரும்பியதால், நாள்காட்டியில் ஓராண்டுகூட ஆகாத இடைவெளி எனக்கு இரண்டு கல்வியாண்டுகளாக முடிந்தது. 2025 ஜூனில்தான் மீண்டும் பள்ளியில் சேர்ந்தேன், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்குப் பதில் ஊதியமில்லா விடுப்புக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களாக இருந்தால், கணவர் முன்பே போனாலும் நீங்கள் ஏப்ரல் தேர்வு முடித்துப் போகும்படி திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் போய் இறங்காமலும் தப்பிக்கலாம்.

காப்புத்தொகையில் 800 யூரோவை, வெப்பமூட்டல் கணக்கு முடியட்டும் என்று வீட்டுக்காரர் நிறுத்திவைத்தார். இதற்கு அவருக்கு உரிமை உண்டு, கணக்கு ஆண்டு முடிந்த பிறகு பன்னிரண்டு மாதம் வரை அவகாசமும் உண்டு. மீதி 1,750 யூரோ நாங்கள் வந்த சில மாதங்களில் வந்துவிட்டது. 2025 கோடையில் கணக்கு வந்தபோது, குளிர்காலத்துக்கு 290 யூரோ கூடுதலாகக் கழித்துக்கொண்டு 510 யூரோவை அனுப்பினார். அதற்காகவே ஜெர்மன் வங்கிக் கணக்கை அதுவரை மூடாமல் வைத்திருந்தோம். ஓய்வூதியப் பணத்துக்கு 2026 இலையுதிர்காலத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். அதற்கான ஓய்வூதியக் காப்பீட்டு எண் எழுதிய கடிதம் பீரோவில் ஆதார் அட்டைகளுடன் இருக்கிறது.